கடக்கரை ஊர்ல பேச்சுக்கூட்டம் போடணுமா, மொதல்ல கடலைப் பாருங்க

போன வாரம் தொண்டி பக்கத்துல இருந்து ஒரு தம்பி போன் பண்ணி, "அண்ணே, எங்க ஊர்லயும் பண்பாட்டு மையம் ஆரம்பிச்சிருக்கோம், கட்டடம் இருக்கு, சேர் இருக்கு, மைக் இருக்கு, மாசத்துக்கு ஒரு பேச்சு வச்சு, முடிஞ்சதும் கலந்துரையாடல்னு வைக்கலாம்னு இருக்கோம், எப்டிண்ணே பண்றது"ன்னு கேட்டாப்ல. ஒரு மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிஞ்சுது. அவருக்கு மட்டும் இல்ல, நம்ம கரையில யாரு ஆரம்பிச்சாலும் உதவும்னு மீதியையும் சேத்து எழுதுறேன். பாம்பன் பக்கம் ஒரு சின்ன மையத்துல ஏழெட்டு வருஷமா நான் பாக்குற வேலை இதுதான்.

ஒரே ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. நம்ம கரையில கடலைப் பத்தி, காத்தைப் பத்தி, புயலைப் பத்தி எதை எடுத்தாலும் மேடையில நின்னு பேசுறவரை விட கீழ பாய்ல உக்காந்திருக்க ஆளுக்கு அதிகமா தெரிஞ்சிருக்கும். ஆனா அவங்க வாயத் தொறக்க மாட்டாங்க, நமக்கெல்லாம் என்ன தெரியும்னு உக்காந்துட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. அவங்களைப் பேச வைக்கிறதுதான் வேலையே, நாள் குறிக்கிறதுல இருந்து கடைசியா மைக்கைத் தொடச்சு வைக்கிற வரைக்கும் எல்லாம் அதுக்காகத்தான்.

நாள் குறிக்கிறது

நாங்க வச்ச மொத கூட்டத்துக்கு நூறு சேர் வாடகைக்கு எடுத்தோம், வந்தது பதினோரு பேரு. பேசுனவரு நல்ல பேச்சாளர், தலைப்பும் மீனவர் வாழ்க்கைதான், ஆனா நாங்க குறிச்சது திங்கக்கெழமை. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் வடகடல் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி போகும், மத்த நாலு நாள் நாட்டுப்படகுக்குன்னு ரொம்ப காலமா நடைமுறை. அன்னிக்கு விசைப்படகுக்காரங்க அத்தன பேரும் கடல்ல. மீனவரைப் பத்தி பேச மீனவர் இல்லாத நாளைக் குறிச்சிட்டமேன்னு அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

இப்பல்லாம் நாள் குறிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதிப் பாத்துருவேன். எந்தப் படகு எந்த நாள் கரையில நிக்குது, ஞாயித்துக்கெழம காலைல பூசை எத்தன மணிக்கு, வெள்ளிக்கெழம ஜும்மா எப்ப முடியுது, அமாவாசை பௌர்ணமி என்னைக்கு. அமாவாசை எதுக்குன்னு நெனப்பீங்க. கடல்பாசி எடுக்கப் போற பொம்பளைங்க அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல்ல எறங்குவாங்க, அப்பத்தான் தண்ணி நல்லா வத்தும். அந்த நாள்ல கூட்டம் வச்சா விடியக்காலம் போயி தண்ணிக்குள்ள கெடந்துட்டு வந்தவங்களை சாயங்காலம் வந்து உக்காருன்னு கூப்புடுறது ஞாயமே இல்ல.

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் எங்களுக்கு ஞாயித்துக்கெழம சாயங்காலம் நாலரை மணி ஒத்து வந்துச்சு. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம்னா வேற கணக்கு. பொழுது சாஞ்சதும் தொழுற மஃரிபுக்கும் ராத்திரித் தொழுகை இஷாவுக்கும் நடுவுல ஒன்னேகால் மணி நேரம்தான் இருக்கும், அதுக்குள்ள பேச்சையும் கலந்துரையாடலையும் அடைக்கப் பாத்தா ரெண்டும் கெட்டுப்போகும். சாயங்கால அசர் தொழுகை முடிஞ்சதும் பேச்சை ஆரம்பிச்சு, மஃரிபுக்கு இடைவேளை விட்டு, தொழுதுட்டு வந்தவங்களுக்கு டீயும் சுண்டலும் குடுத்துட்டு அதுக்கப்பறம் கலந்துரையாடலைத் தொடங்குங்க. அந்த இடைவேளையில வெளிய நின்னு நாலு பேரு பேச்சைப் பத்திப் பேசிக்குவாங்க பாருங்க, உள்ள வர்றப்ப கேள்வி ரெடியா இருக்கும். இத நாங்க தொழுகைக்காக மட்டும்தான் ஆரம்பிச்சோம், இப்ப எந்த ஊர்ல வச்சாலும் நடுவுல அந்த கால் மணி நேரம் விடுறோம்.

ரம்ஜான் மாசம் வேணாம், தராவீஹ்னு ராத்திரித் தொழுகை இருக்கும். கோயில் கொடை, சர்ச் திருவிழா, ஏர்வாடி சந்தனக்கூடு எதுவா இருந்தாலும் அந்த வாரம் ஒதுங்கிக்கோங்க. நல்ல காலம் எதுன்னா தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஆம்பளைங்க எல்லாம் கரையில. ஆனா கையில காசு இருக்காது, மனசும் சரியா இருக்காது, அந்த நேரம் ஹால்ல சேர் போட்டு வாங்கன்னா வர மாட்டாங்க, நீங்கதான் வலை பின்னுற கொட்டகைக்கு மைக்கைத் தூக்கிட்டுப் போகணும். கை வலையில இருக்கும், காது நம்மகிட்ட இருக்கும். எங்களுக்கு அமைஞ்ச நல்ல கூட்டம் ரெண்டு மூணு அப்டி அமைஞ்சதுதான்.

தலைப்பு கேள்வியா இருக்கட்டும்

"கடல்சார் பண்பாடு, ஒரு பார்வை" அப்டின்னு நோட்டீஸ் அடிச்சா யாரு வருவா? தலைப்பைப் படிச்சதும் படிக்கிறவனுக்கு ஒரு பதில் தோணணும், தோணுச்சுன்னா அதைச் சொல்றதுக்காவது வருவான். "கச்சான் காத்து முன்ன மாதிரி அடிக்குதா?"ன்னு ஒரு தடவ போட்டோம். வாடை, கொண்டல், சோழகம், கச்சான்னு நாலு தெசைக் காத்தையும் பத்தி பெருசுங்க போட்ட வாதத்துல அழைச்சிருந்த பேராசிரியருக்குப் பேச இருபது நிமிசம்தான் கெடச்சுது, அவரும் சந்தோசமா உக்காந்து கேட்டாரு.

தலைப்புக்கு நம்ம கரையில பஞ்சமே இல்ல. அழகன்குளத்துல தோண்டினப்ப ரோமானியக் காசு கெடச்சுதே, அந்தத் தொறைமுகத்துல யாரு யாருகூட வியாபாரம் பண்ணுனா? 1897 ஜனவரி 26ல விவேகானந்தர் யாழ்ப்பாணத்துல இருந்து கப்பல்ல வந்து பாம்பன்ல எறங்குனப்ப ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி நேர்ல வந்து வரவேத்தாரே, ஊரே கூடிக் கேட்ட அந்தப் பேச்சைப் பத்திப் பாம்பன்லயே பேச வேணாமா? கீழக்கரையில சீதக்காதி வள்ளல், சங்கு குளிச்ச குடும்பங்க, தமிழை அரபி எழுத்துல எழுதுன அர்வி. சாயல்குடி பக்கம் பனையும் கருப்பட்டியும். 2023ல புவிசார் குறியீடு வாங்குன நம்ம குண்டு மொளகா. ஒவ்வொன்னும் ஒரு சாயங்காலத்துக்குத் தாங்கும்.

ஒரு தலைப்பை மட்டும் தள்ளிப் போடாதீங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல். தனுஷ்கோடி போச்சு, பாம்பன்ல இருந்து போன ரயில் போச்சு, எல்லாரும் படிச்சிருக்கோம். ஆனா அன்னிக்கு பத்து வயசுப் பிள்ளையா இருந்தவங்களுக்கு இப்ப எழுபது தாண்டியாச்சு. உங்க ஊர்ல அப்டி ஒருத்தர் இருந்தா அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு விடாதீங்க, நாங்க அப்டி விட்டு ஒரு தாத்தாவோட பேச்சைக் கேக்காமலே போயிட்டோம், இன்னும் எனக்கு அது உறுத்திக்கிட்டே இருக்கு.

யாரைப் பேசக் கூப்புடுறது

ரெண்டு பேரா கூப்புடுங்க. ஒருத்தர் படிச்சு ஆராய்ச்சி பண்ணுனவரு, இன்னொருத்தர் அதே விஷயத்துல வாழ்ந்தவரு. மீன்வளம்னா மண்டபத்துலயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கு, முன்ன ரொம்ப வருசம் அதோட தலைமையகமே மண்டபத்துலதான் இருந்துச்சு, 1971ல கொச்சிக்குப் போனாலும் இங்க மையம் இன்னும் இருக்கு, முறையா கடுதாசி எழுதிக் கேட்டுப் பாருங்க. வரலாறுன்னா மாவட்டத்துல காலேஜ் வாத்தியாருங்க, தொல்லியல் பக்கம் வேலை பாத்தவங்க இருக்காங்க. அவங்ககூட மேடையில நம்ம ஊரு ஆளு ஒருத்தர் சரிசமமா சேர்ல உக்காரணும். நோட்டீஸ்லயும் ரெண்டு பேரும் ஒரே சைஸ் எழுத்துல. இந்த ஒன்ன மட்டும் நான் யாருக்காகவும் விட்டுக்குடுக்க மாட்டேன்.

வெளியூர்ல இருந்து வர்றவரு முடிஞ்சா மொத நாளே வந்து தங்கட்டும், விடியக்காலம் ஏலக்கூடத்துக்கு ஒரு நடை கூட்டிட்டுப் போங்க. எழுதி வச்சத அப்டியே வாசிக்கலாம்னு வந்தவரு கூட மீனைப் பாத்து, வெலை கேட்டு, நாலு பேர்கிட்ட பேசிட்டு வந்தா பேச்சையே மாத்திப் பேசுவாரு. போக்குவரத்தை நீங்களே பாத்துக்கோங்க. 2022 டிசம்பர்ல பழைய பாலத்துல ரயிலை நிறுத்துனதுல இருந்து 2025 ஏப்ரல் 6ல புதுப் பாலம் தொறக்குற வரைக்கும் ரயிலெல்லாம் மண்டபம், ராமநாதபுரத்தோட நின்னுச்சு, அது தெரியாம ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் போட்டு வந்த ஒரு பெரியவரை ராத்திரியில மண்டபத்துல போயி நான்தான் பைக்ல ஏத்திட்டு வந்தேன். இப்ப ரயில் வருது, ஆனாலும் எந்த ஸ்டேசன்ல எறங்கணும், யாரு வந்து நிப்பாங்கன்னு மொத நாளே சொல்லிருங்க. வழிச்செலவுக் காசை கூட்டம் முடிஞ்ச அன்னிக்கே கவர்ல போட்டுக் கையில குடுத்துருங்க, அப்பறம் அனுப்புறேங்குற பேச்சே வேணாம். நம்ம ஊரு பேச்சாளருக்கும் அதே கவர், அவங்க ஒரு நாள் பொழப்பை விட்டுட்டு வர்றாங்க.

வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை நாலு பேரு, பொன்னாடை, நினைவுப்பரிசு, போட்டோ. இதுலயே ஒரு மணி நேரம் போயிரும், மக்கள் பாதி எந்திரிச்சிருவாங்க. இத வெட்டுறதுக்கு தைரியம் வேணும், ஊர்ப் பெரிய மனுசங்களுக்கு வருத்தம் வரும். நாங்க கூட்டத்துக்கு மொத வாரமே அவங்க வீட்டுக்குப் போயி, "அய்யா, நீங்க முன்வரிசையில உக்காந்து மொத கேள்வியை கேட்டு ஆரம்பிச்சு வைங்க"ன்னு கேட்டுக்கிட்டோம். சந்தோசமா ஒத்துக்கிட்டாங்க. இப்ப எங்க கூட்டத்துல வரவேற்பு ரெண்டு நிமிசம், பேச்சு ஆளுக்கு இருபது நிமிசம், மீதி எல்லாம் மக்களுக்கு.

சொல்லி விடுறது, எடம், மைக்

போஸ்டரை விட வாய்தான் வேலை செய்யும். சர்ச்ல பூசை முடிஞ்சு அறிவிப்பு வாசிக்கறப்ப ஒரு வரி, ஜமாத் போர்டுல ஒரு தாள், டீக்கடையில ஒரு தாள், வாட்சப்ல அரை நிமிச வாய்ஸ் மெசேஜ். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவங்களுக்கு வாய்ஸ்தான் போயி சேரும்.

எடத்தைப் பத்தி, சேரை வரிசையா போடாதீங்க, அரைவட்டமா போடுங்க, முன்னாடி பாய் விரிங்க. ஒருத்தர் பேசுறப்ப மத்தவங்க முகம் தெரியணும். பொம்பளைங்களுக்கு தனி எடம் வைக்கிற ஊரா இருந்தா வைங்க, ஆனா மைக் அந்தப் பக்கமும் போகணும், அதக் கொண்டுபோறதுக்கு அவங்க கூடவே உக்காந்திருக்குற ஒரு பிள்ளையை ஏற்பாடு பண்ணுங்க. கீழக்கரையில ஒரு கூட்டத்துல தெரைக்குப் பின்னாடி இருந்து ஒரு லாத்தா, அதாவது அக்கா, கேட்ட கேள்விக்கு மேடையில இருந்த ரெண்டு பேராலயும் பதில் சொல்ல முடியல, அடுத்த கூட்டத்தோட தலைப்பே அந்தக் கேள்விதான்.

ஆடி மாசம் தொறந்த எடத்துல வச்சீங்கன்னா மைக்ல காத்துதான் பேசும், பஞ்சு உறை வாங்கிப் போடுங்க, பெரிய காசு இல்ல. வெளிய ஒலிபெருக்கி கட்டுனா போலீஸ் ஸ்டேசன்ல முன்னாடியே அனுமதி வாங்கிருங்க, ராத்திரி பத்து மணிக்கு மேல காலைல ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுங்கிறது சட்டம். கரண்டு போறதுக்கு பேட்டரி ஸ்பீக்கர் ஒன்னு, கார்ட்லெஸ் மைக்குக்கு புது பேட்டரி ரெண்டு செட். மத்தத நீங்களே பாத்துப்பீங்க.

கலந்துரையாடல்தான் கூட்டம்

"யாராவது கேள்வி இருந்தா கேளுங்க"ன்னு சொன்னீங்கன்னா கூட்டம் செத்துரும். கேள்வின்னாலே பள்ளிக்கூட ஞாபகம் வந்து எல்லாரும் குனிஞ்சுக்குவாங்க. "உங்களுக்கு நடந்தது எதையாவது சொல்லுங்க"ன்னு கேளுங்க. அப்டியும் யாரும் பேசலேன்னா பதறாதீங்க, நீங்க பேசி அந்த எடத்தை ரொப்பாதீங்க, சும்மா நில்லுங்க. முப்பது எண்ணுற வரைக்கும் நின்னு பாருங்க, யாராவது ஒருத்தர் தொண்டையைச் செருமுவாங்க.

ஒரு கூட்டத்தை மட்டும் விவரமா சொல்றேன். தலைப்பு, கடல்பாசி ஏன் கொறைஞ்சுபோச்சுன்னு. மன்னார் வளைகுடாவுல இருக்குற 21 தீவும் 1986ல தேசியப் பூங்காவா அறிவிச்ச எல்லைக்குள்ள வருது, தீவுப் பக்கம் போகக்கூடாதுன்னு சட்டம், பாசி எடுக்குறவங்களுக்கோ அந்தப் பக்கம்தான் பொழப்பு. வெளியூர்ல இருந்து வந்த ஒரு இளம் ஆய்வாளர் படமெல்லாம் போட்டு நல்லாத்தான் பேசுனாரு. நடுவுல, பாசியை வேரோட புடுங்குறதாலதான் கொறையுதுன்னு ஒரு வரி சொன்னாரு. பாய்ல கடைசியில உக்காந்திருந்த ஒரு அக்கா, அறுவது வயசு இருக்கும், எந்திரிச்சாங்க. மைக்கை நீட்டுனா வாங்கல, ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுனாங்க. பத்து வெரல்லயும் நகத்தடியில வெட்டு, பாறை கீறுன தழும்பு, ஒரு வெரல்ல துணி சுத்துனது அப்டியே இருந்துச்சு. "வேரோட புடுங்குனா அடுத்த மாசம் எனக்கு என்ன தம்பி கெடைக்கும்? நுனியத்தான் கிள்ளுவோம், அதுக்குத்தான் இந்தத் துணி"ன்னாங்க. அப்பறம் முந்தானை முடிச்ச அவுத்து காஞ்ச பாசி கொஞ்சம் எடுத்தாங்க, இது மரிக்கொழுந்து, இது கஞ்சிப்பாசி, கட்டக்கோரைய எடுத்துட்டு வரல அது சாக்கு நெறைய கெடக்குன்னு ஒன்னொன்னா அவரு கையில வச்சாங்க. அவரு மேடையை விட்டு எறங்கி வந்து பாய்ல உக்காந்து நோட்டை எடுத்துட்டாரு. அதுக்கப்பறம் ஒன்றரை மணி நேரம் பொம்பளைங்க மட்டும்தான் பேசுனாங்க, எந்தப் பாறையில எந்த மாசம் எது வரும்னு. நான் நேரத்தையே பாக்கல.

அந்தக் கூட்டத்துல நாங்க பண்ணுன ஒரே நல்ல காரியம், அந்த அக்கா வீட்டுக்கு மொத நாள் போயி, "அக்கா வாங்க, நீங்க பேசாட்டியும் பரவால்ல, காஞ்ச பாசி கொஞ்சம் கொண்டாங்க"ன்னு கூப்புட்டது. கையில ஒரு பொருள் இருந்தா பேச்சு தானா வரும். வலை தைக்கிற ஊசி, பழைய போட்டோ, சங்கு, அப்பா வச்சிருந்த ரயில் பாஸ், எதையாவது கொண்டாரச் சொல்லுங்க.

ஒருத்தரே மைக்கைப் புடிச்சுக்கிட்டு விடாம பேசுறது எல்லா ஊர்லயும் உண்டு. மைக்கை அவங்க கையில குடுக்கவே கூடாது, நம்ம பையன் புடிச்சுக்கிட்டு நிக்கணும், மூணு நிமிசம் ஆனதும் "அண்ணே, இத அப்டியே வச்சுக்குவோம், இந்த அண்ணன் என்ன சொல்றாருன்னு கேட்டுட்டு வருவோம்"னு நகந்துரணும். அரசியல் கட்சி ஆளு யாரு வந்தாலும் அதே மூணு நிமிசம்தான்.

சண்டை வர்ற தலைப்பும் இருக்கு. விசைப்படகு இழுக்குற இழுவைமடி வலையா நாட்டுப்படகா, கச்சத்தீவு, இறால் பண்ணை. பயந்து ஒதுக்காதீங்க, ஊரே டீக்கடையில பேசுற விஷயத்தை மையத்துல பேசலேன்னா அந்த மையம் எதுக்கு. ஆனா தயாரிச்சுக்கிட்டு எறங்குங்க. ரெண்டு தரப்புலயும் ஆளுங்களை தனித்தனியா மொதல்ல பாத்துப் பேசிட்டு வாங்க. நடத்துறவரு எந்தத் தரப்பும் இல்லாத ஆளா, ரெண்டு பேரும் மதிக்கிற ஆளா இருக்கட்டும், எங்களுக்கு ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தங்க இருக்காங்க, அந்த மீனவங்கள்ல பாதிப் பேருக்கு ஒன்னாப்பு எடுத்தவங்க, அவங்க "ஒக்காருப்பா"ன்னா எல்லாரும் ஒக்காருவாங்க. ஆரம்பத்துல நடந்ததை மட்டும் தேதியோட சொல்லுங்க, கச்சத்தீவுன்னா 1974 ஒப்பந்தத்துல என்ன இருக்குன்னு அஞ்சு நிமிசம் வாசிச்சுட்டு அப்பறம் பேச விடுங்க. அடுத்து ஒரு முறை வச்சிருக்கோம், எதிர்த் தரப்பு சொன்னதை அவங்க தலையாட்டுற மாதிரி ஒரு தடவ திருப்பிச் சொல்லிட்டுத்தான் பதில் சொல்லணும். மொதல்ல சிரிச்சாங்க, இப்ப அவங்களே கேக்குறாங்க, "மொதல்ல நான் சொன்னதைச் சொல்லுயா"ன்னு. ஒரு விசைப்படகு ஓனரு நாட்டுப்படகுக்காரரோட வலை அறுந்த கணக்கை அவரு வாயாலயே ரூவா பைசாவோட திருப்பிச் சொல்லி முடிச்சப்ப ஹால்ல சத்தமே இல்ல. சொல்லி முடிச்சிட்டு தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சாரு.

முடிஞ்சதுக்கப்பறம்

போன்ல ஆடியோ பதிவு போதும், ஆனா ஆரம்பத்துலயே எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லிட்டுப் போடுங்க. வீடியோ எடுத்தா கேக்காம எங்கயும் போடாதீங்க. பாசி எடுக்குறவங்க பேசுனது, படகுக்காரங்க எல்லை பத்திப் பேசுனது எல்லாம் வெளிய போனா அவங்க தலையில விடியும். அவங்க நம்மள நம்பிப் பேசுறாங்க.

ஒரு நோட்டு போடுங்க. அன்னிக்கு வந்து விழுந்த சொல்லையெல்லாம் யாராவது ஒரு பிள்ளை எழுதட்டும், காத்துப் பேரு, பாசிப் பேரு, பாறைப் பேரு, வலையில ஒவ்வொரு பாகத்தோட பேரு. எங்க நோட்டு இப்ப மூணாவது ஓடுது. அகராதியில தேடிக் கெடைக்காத சொல்லு அதுல கெடக்கு.

ராத்திரி எல்லாரும் போனதும் மைக்கையும் ஒயர் முனையையும் காஞ்ச துணியால தொடச்சு, மூடி இறுக்கமா இருக்குற டப்பாவுல போட்டு வைங்க, உப்புக்காத்துல மூணே மாசத்துல பச்சை பூத்துரும். மறுநாள் காலைல, அன்னிக்கு யாரு மொத தடவையா வாயத் தொறந்து பேசுனாங்களோ அவங்க வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வாங்க. போட்டோ எடுத்திருந்தா ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்க. அந்தப் பாசி அக்கா வீட்டுல குடுத்தது சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிருக்கு, போன மாசக் கூட்டத்துக்கு வந்தப்ப கூட ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்தாங்க.